சகலை போட்ட புகார்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் சிஸ்டம் சார். பாடம் நடத்துகிறவர் இல்லை. கணினி அறையில் எது படுத்துவிட்டாலும் எழுப்பி ஓடவைக்க வேண்டியவர். அங்கிருந்ததெல்லாம் வேறு எங்கோ உழைத்து ஓய்ந்த பழைய கணினிகள். கடையில் விற்கிற புது மென்பொருள் எதுவும் அவற்றில் ஏறாது. அதனால், பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்திருக்கிற மென்பொருளைப் போட்டு ஓட்டினார். ஒருநாள் திரையில் கோடு கோடாக விழுந்தது. அதைப் புகார் செய்யப் போனவர், அந்தப் புகார்ப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார்.

திரையில் படம் வரைகிற கார்டுக்கும் கணினிக்கும் நடுவே நின்று, ஒன்று சொல்வதை இன்னொன்றுக்குப் புரியும்படி சொல்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இதை எத்தனை முறை விளக்கினாலும் மாமனாருக்கு மட்டும் விளங்கவில்லை. "பெரிய மாப்பிள்ளை ஸ்கூல் வேலை போக, டிரைவர் வேலையும் பார்க்கிறார்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். சிலர் அவரிடம் வாடகை வண்டி கேட்டதும் உண்டு.

டிரைவர் எழுதுவது சிஸ்டம் சார் வேலை இல்லை. வருகிற புகாரைப் பிரிப்பதுதான் அவர் வேலை. "ஓடவில்லை, சீக்கிரம் சரிசெய்யவும்" என்று ஒற்றை வரியில் வந்து விழும். எந்தக் கார்டு, எந்தப் பதிப்பு, என்ன செய்துகொண்டிருந்தபோது நின்றது என்று கேட்டு வாங்க வேண்டும். முன்பே வந்த புகார்தானா என்று தேட வேண்டும். ஒன்றேபோல் இரண்டு இருந்தால் புதியதை மூடி, பழையதோடு சேர்க்க வேண்டும். உருப்படியானதை மட்டும் நிரல் எழுதுகிறவர்கள் கண்ணில் படும்படி மேலே தள்ள வேண்டும். சம்பளம் கிடையாது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் நர்ஸாக இருந்த அவர் மனைவிதான் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள். "நான் ஆளைப் பார்த்துப் பிரிச்சு அனுப்புறேன், இவர் புகாரைப் பார்த்துப் பிரிச்சு அனுப்புறார். எனக்குத் திட்டு நேர்ல விழும், இவருக்கு எழுத்துல விழும்" என்பாள்.

அந்த டிரைவருக்குத் தலைமைப் பொறியாளர் கடல் கடந்த ஊரில் இருந்த ஒரு பெண்மணி. சிஸ்டம் சாருக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை. வருஷக்கணக்கில் அவருக்காகப் புகார்களைக் கூட்டிப் பெருக்கி அடுக்கிவைத்தார். அந்த அம்மாவிடமிருந்து பதிலுக்கு வந்ததெல்லாம் "நன்றி" என்ற ஒற்றைச் சொல். அதுவும் எப்போதாவது. அந்த ஒற்றைச் சொல் வந்த நாளில் சிஸ்டம் சார் பள்ளிக்கூட மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார்.

இப்போது சகலைக்கு வருவோம். மனைவியின் தங்கையைக் கட்டியவர். மாமனார் வீட்டில் அவர் சின்ன மாப்பிள்ளை. வீடுகளுக்கு அலமாரி, சமையலறை மரவேலை எல்லாம் கணினியில் வரைந்து காட்டும் கடையில் வேலை. ஆள் உள்ளே நுழைந்தால் வீடு கலகலக்கும். சிஸ்டம் சார் போனால், "வாங்க மாப்பிள்ளை" என்று நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சின்னவர் வந்தாலோ நாற்காலியே வேண்டாம், எல்லாரும் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார். ஒரு தப்பும் செய்யாத மனுஷன்மேல் எப்படிக் கோபப்படுவது? சிஸ்டம் சார் வாய் திறக்கவில்லை. வயிறு மட்டும் எரிந்தது. ஒரே ஆறுதல், புகார்ப் பக்கம். அங்கே சகலைக்கு வேலை இல்லை, அங்கே சின்னவரும் கிடையாது பெரியவரும் கிடையாது என்று நினைத்திருந்தார்.

ஒரு மதிய இடைவேளையில் அங்கேயே ஒரு புகார் வந்து விழுந்தது. "அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டேன். திருப்பிப் பார்த்தால் கதவு கரிக்கட்டையாகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் கணினியே உயிரை விடுகிறது. வாடிக்கையாளர் பேய் அலமாரி வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்." கூடவே போனில் எடுத்த கோணல் படம். படத்தின் ஓரத்தில் தெரிந்த மேஜையை சிஸ்டம் சாருக்கு அடையாளம் தெரிந்தது. சகலை! கடையிலும் அதே மென்பொருள்தான் போலிருக்கிறது.

சாயங்காலமே போன் வந்தது.

"அண்ணே, நீங்க இருக்கிற இடத்துல நானும் ஒரு புகார் போட்டிருக்கேன். பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இப்படி எழுதினா யாரும் சீண்ட மாட்டாங்க. அதுக்குக் கீழே நான் கேட்டிருக்கிறதை எல்லாம் குடுங்க."

"குடுத்துருவோம்ணே. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் கைபிடிச்சுக் கூட்டிப்போகணும்."

கைபிடிக்கவா? சிஸ்டம் சார் கேட்டதில் ஒரு கடுமையான வேலை இருந்தது. எந்தப் பதிப்புவரை நன்றாக ஓடியது, எதில் கெட்டது என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒன்றைப் போட்டு ஓட்ட வேண்டும். நன்றாக இருந்தால் பிந்திய பாதியிலும், கெட்டிருந்தால் முந்திய பாதியிலும் மறுபடி நடுவிலிருந்து தேட வேண்டும். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், கோளாறைக் கொண்டுவந்த அந்த ஒரு மாற்றம் மாட்டும். ஒவ்வொரு தடவையும் டிரைவரை முதலிலிருந்து தயாரித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். இதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். சகலையும் போய்விடுவார் என்றுதான் கேட்டார். அதைத் தனக்கே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

சகலை போகவில்லை. தினமும் கடை வேலைக்கு நடுவே ஒவ்வொரு பதிப்பாகப் போட்டு, "இன்று கதவு பளபளவென்று இருக்கிறது", "இன்று மறுபடி கரி" என்று நிலவரம் எழுதினார். தெரியாத இடத்தில் கூச்சமில்லாமல் கேட்டார். வேறு நாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்து, உற்சாகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் கெடுத்த மாற்றம் அகப்பட்டது. நினைவகத்தை மிச்சப்படுத்த யாரோ செய்த சின்னத் திருத்தம் அது.

மறுநாள் தலைமைப் பொறியாளர் அம்மா எழுதினார். ஒற்றைச் சொல் இல்லை. மூன்று பத்தி! இவ்வளவு தெளிவான புகாரைப் பார்த்து நாளாயிற்று என்றார். அந்தப் பேய் அலமாரியைத் தன் வீட்டுக்கு வாங்கிக்கொள்ளத் தயார் என்று வேடிக்கை வேறு பண்ணியிருந்தார். அவசர வேலை ஒன்று கையில் இருப்பதாகவும், முடிந்ததும் இதைப் பார்ப்பதாகவும் எழுதி முடித்திருந்தார்.

சிஸ்டம் சார் அதை வாசித்தார். திரும்ப வாசித்தார். அந்த அம்மாவுக்கு வேடிக்கை பேச வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். எத்தனை வருஷம் வாசலைக் காத்திருப்பார்! நேற்று வந்தவர் நேராக நடுக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு பழைய புகார் நினைவுக்கு வந்தது. ஏதோ விளையாட்டில் குளத்துத் தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது என்று யாரோ போட்டது. தீராமல் தூசி படிந்து கிடந்தது. அதிலும் கறுப்பு, இதிலும் கறுப்பு. ஆனால் சகலை கண்டுபிடித்த மாற்றம் பிறப்பதற்கு முன்பே வந்த புகார் அது. இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. அது சிஸ்டம் சாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், "முன்பே வந்த புகார்" என்று குறித்து, சகலையுடையதை மூடினார். அவர் மூடினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவ்வளவு வருஷத்து நம்பிக்கை.

மூடிய கையோடு நிம்மதி வரும் என்று பார்த்தார். வரவில்லை. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும், அணைக்க வேண்டிய கணினிகளை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் மனைவி ஏதோ கேட்க, இவர் வேறு ஏதோ சொன்னார்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"வெயில்" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

சகலை அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த வாரம் ஒருநாள், சிஸ்டம் சார் மவுஸ் ஒன்றைப் பிரித்துப்போட்டு ஊதிக்கொண்டிருந்தபோது, கணினி அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நேரிலேயே வந்து நின்றார். சட்டையில் மரத்தூள். பிள்ளைகள் உட்காரும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். வழக்கமான கலகலப்பு இல்லை.

"ஒரே ஒரு சந்தேகம்ணே. நான் படிக்காத பய, தப்பா இருந்தா திட்டுங்க. அந்தக் குளத்துப் புகார் வந்தப்போ, இந்த மாற்றமே இன்னும் வரலையே? அப்புறம் ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

சிஸ்டம் சார் மவுஸை மறுபடி ஊதினார்.

"இதை அங்கேயே எழுதியிருக்கலாமே?" என்றார்.

"எழுதலாம்தான். எல்லார் முன்னாடியும் கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு வந்தேன். நீங்க எத்தனையோ பார்க்கிறீங்க, ஒண்ணு ரெண்டு கைதவறும்."

திட்டியிருந்தால் தேவலை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சட்டையைப் பிடித்திருந்தால் இவரும் நான்கு வார்த்தை பேசியிருப்பார். இந்த நல்ல மனசைத்தான் தாங்க முடியவில்லை. இதிலும் என்னை முந்திவிட்டானே என்று, அந்த நேரத்திலும் பொறாமைதான் வந்தது. "கைதவறிப் போச்சு" என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சகலையே எடுத்துக்கொடுத்த பொய், கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.

"கைதவறல தம்பி. தெரிஞ்சுதான் மூடினேன்."

சகலை புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. முகம் சிவந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். விளையாட்டு மைதானத்தில் யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்ணே?"

"அந்த அம்மா எனக்கு அப்படி எழுதினதே இல்ல."

இதைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டபோது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று சிஸ்டம் சாருக்கே கூசியது. சகலை ஜன்னலைவிட்டுத் திரும்பினார். "நான் ரெண்டு பார்ட்டியைத் தொலைச்சேண்ணே இதுல" என்றார். அதில் கோபம் இருந்தது. முதல்முறையாகச் சகலையின் கோபத்தைப் பார்த்ததில், சொன்னால் வெட்கம், சிஸ்டம் சாருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சகலை போய்வருகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டார்.

சிஸ்டம் சார் அங்கேயே அந்தப் புகாரைத் திரும்பத் திறந்தார். "இதை மூடியது என் தவறு. இது வேறு, அது வேறு" என்று எல்லாரும் பார்க்க எழுதி, உச்சியில் கொண்டுபோய் வைத்தார். அந்த வாரமே சரியாகிவிட்டது. கண்ணாடியில் தெரிய வேண்டிய படத்தை எழுதி முடிப்பதற்குள், கார்டு அவசரப்பட்டு வாசிக்கப் போயிருக்கிறது. கொஞ்சம் காத்திரு என்று ஒரு வரி சேர்த்தார்கள். திருத்தக் குறிப்பில் புகார் செய்தவர், சோதித்தவர் என்று இரண்டு இடத்திலும் சகலை பெயர். கூடவே அந்த அம்மா சிஸ்டம் சாருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். இப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம், புகார் பிரிக்கும் உரிமையை அவருக்கும் கொடுக்கலாமா, உங்கள் கருத்து என்ன?

கருத்தா? ஒரு முழு நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "கொடுக்கலாம். என்னைவிடப் பொறுமைசாலி" என்று எழுதினார். இரண்டாவது வாக்கியத்தை அழித்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதி அனுப்பினார்.

அடுத்த முறை மாமனார் வீட்டுக்குப் போனபோது கதை அங்கே வந்து சேர்ந்திருந்தது, ஆனால் பாதிதான். மாமனார், "இப்ப சின்ன மாப்பிள்ளையும் டிரைவராயிட்டாராமே" என்று ஆரம்பித்தார். கூட்டம் சின்னவரைச் சுற்றி உட்கார்ந்தது. கரிக்கதவு, ஓடிப்போன வாடிக்கையாளர் எல்லாம் நடித்தே காட்டினார். மூடின இடம் வந்ததும் சிஸ்டம் சாரை ஒருகணம் பார்த்துவிட்டு, தாண்டிப் போனார். சிரிப்பும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அவருக்கும் ஆறவில்லை போலிருக்கிறது.

வீடு திரும்பும் பஸ்ஸில் மனைவி காதருகே வந்து கேட்டாள். "அவர் எதையோ முழுங்கிட்டாரே. நீங்க என்ன பண்ணீங்க?"

சொன்னார். ஒன்று விடாமல்.

"எங்க வாசல்ல யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நான் அறைஞ்சிருப்பேன்" என்றாள். கொஞ்ச தூரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. சகலை புகார் பிரிக்க வந்த முதல் நாள், சிஸ்டம் சார் வேண்டுமென்றே ஒரு குவியலைக் கொடுத்தார். யாரும் தொடாத, பதில் வராத, ஒற்றை வரிப் புகார்கள். "ஆரம்பத்துக்கு இது போதும் தம்பி" என்றார். சகலைக்கு அது எப்படிப்பட்ட குவியல் என்று தெரிந்தது. "சரிங்க சார்" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

மறுநாள் பார்த்தால், வருஷக்கணக்காக ஊமையாகக் கிடந்த ஒரு புகார்க்காரர், சகலைக்கு முழுநீளப் பதில் எழுதியிருந்தார். கேட்ட விவரமெல்லாம் இருந்தது. சிஸ்டம் சார் அதைப் படித்துவிட்டு, வயிற்றெரிச்சலோடுதான், மேலே தள்ளினார்.