இரண்டு தூண்களுக்கு நடுவில் மாமாவின் கார்

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனபோதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நடந்து வந்தேன். லாரிக்காரர் இறங்கவில்லை, வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. எங்கள் தலையில் செம்மண் புழுதியை வாரி இறைத்துவிட்டு, முனியாண்டி மேடையைத் தாண்டி, அதற்கு அப்பால் இருந்த தூணையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். லாரி கவிழும் என்று காத்திருந்தேன். ஒரு டயர்கூட வெடிக்கவில்லை.

“லாரிய மட்டும் சாமி ஏன்ப்பா விட்டாரு?”

“அவனுக்குத் தெரியாது. தெரியாதவங்கள சாமி ஒன்னும் பண்ணாது.”

“அப்ப நீங்க எனக்குச் சொல்லாமலே இருந்திருந்தா நானும் உக்காந்துகிட்டே போயிருக்கலாமா?”

“வாய மூடிட்டு நடலா.”

நடந்தேன். ஆனால் வாய்தான் மூடியது. சாமி எந்த வண்டியை விடுவார், எதை விடமாட்டார் என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற வெறி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது பதினோரு வயது.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் தொடங்கி, தோட்டத்தின் நடுவே நூல் பிடித்தது போல ஓடும். அரசாங்கம் போட்டதல்ல. எங்கள் பக்கத்துக்குப் பொதுச் சாலை வருவதற்கு முன்பே, ரப்பர்த் தோட்டக் கம்பெனி துரையின் காருக்காகவே போட்ட தனியார் மோட்டார் சாலை. ரயிலிலிருந்து இறங்கும் துரை காரில் ஏறினால் பங்களா வாசலில்தான் காலை ஊன்றுவார். கல் உடைத்துக் கொட்டியவர்கள் எங்கள் ஆட்கள். கொட்டி முடித்ததும் அவர்கள் பக்கத்திலிருந்த மாட்டுவண்டித் தடத்துக்கே திரும்பிவிட்டார்கள். சாலையில் சைக்கிள் விட அனுமதி கிடைத்ததெல்லாம் வெகு காலம் கழித்துத்தான். இப்போது வார இறுதி வந்தால், செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிச் செம்பனைக்குள் ஒளிந்து கிடக்கும் இப்படிப்பட்ட பழைய சாலைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மா இதைக் கிறுக்கு என்கிறார். அந்தக் கிறுக்கின் முதல் நாள் லாரி போன நாள்தான்.

சாலையின் ஓரத்தில், முன்பு சங்கிலி கட்டியிருந்த இரண்டு கல்தூண்கள் நின்றன. யாரோ அவற்றுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தார்கள். முதல் தூண் வந்ததும் எங்கள் ஆட்கள் எல்லோரும் வண்டியிலிருந்து இறங்குவார்கள். இரண்டாவது தூண்வரை தள்ளிக்கொண்டு போய் மறுபடி ஏறுவார்கள். ஏன் என்று கேட்டால் முனியாண்டி எல்லை என்பார்கள். இங்கேதான் எனக்கு இடித்தது. முனியாண்டியின் மேடை இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாமிக்காக இறங்குவதென்றால் அவ்வளவு தூரத்துக்கு முன்பே எதற்கு இறங்க வேண்டும்? சாமியின் எல்லை ஏன் ஒரு பக்கம் மட்டும் இப்படி இழுத்துக்கொண்டு கிடக்கிறது? எதிர்ப்பக்கத்தில் கூரை போன பழைய பங்களா ஒன்று இருந்தது. அதன் வேலிச்செடி முதல் தூணுக்கு நேரே தொடங்கி இரண்டாவது தூணுக்கு நேரே முடிந்தது. இதையும் நான் கவனித்தேன். படம் வரைந்து வகுப்பாசிரியையிடம் காட்டினேன். மரங்களுக்குப் பச்சை வண்ணம் தீட்டச் சொன்னார்.

சரி, துரையின் காரே மறுபடி வந்தால் சாமி என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே வந்தது போல மாமா கார் வாங்கினார்.

மாமா அம்மாவின் தம்பி. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். உலு திராமில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கோழிக் கொட்டகையில் அந்தக் காரைக் கண்டுபிடித்தார். உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தனவாம். ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் அதன் அடியில் படுத்துக் கிடந்தார். தவளைக் கண் மாதிரி விளக்குகள், பின்பக்கமாகத் திறக்கும் கதவுகள், திரும்பும் பக்கத்தைக் காட்ட வண்டியின் இடுப்பிலிருந்து நீளும் ஒரு சின்ன மஞ்சள் கை. பொண்ணு பார்க்கப் போன இடத்தில்கூட இந்த மஞ்சள் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர் என்று அப்பா சிரிப்பார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் மாமா காரை எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தார். தெருமுனையில் அதன் சத்தம் கேட்டது. கொடகொடவென்று, நடுவில் ஒரு இருமலோடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாத்தா, துரை காலத்தில் தோட்டத்தில் வேலை பார்த்தவர், சட்டென்று எழுந்து நின்றார். கையில் பற்றவைத்திருந்த சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். கார் நின்று, உள்ளிருந்து தன் மகன் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கையைத் திறந்தார். வயதான காருக்கு வயதானவர் தரும் மரியாதை என்று நினைத்து நானும் எழுந்து நின்றேன்.

“துரை வெச்சிருந்தாரே, அதே மாடல்ப்பா!” என்றார் மாமா.

தாத்தா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். “அது கறுப்பு. இது பச்சை.”

“அலாமாக், பெயிண்டுதானப்பா!”

“சத்தம் அதேதான்,” என்றார் தாத்தா. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை அடுப்படியில் மாமா அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “அக்கா, நாளைக்கு அப்பாவப் பின்சீட்டுல உக்கார வைக்கிறேன். துரை உக்காந்த எடம். அந்தத் தூண்லருந்து இந்தத் தூண் வரைக்கும் அவரு எறங்காமப் போகணும். அவ்ளோதான். இதுக்குத்தான் இந்தக் காரே.”

“சாமி எல்லடா தம்பி.”

“எல்லாம் எனக்குத் தெரியும்லா.” மாமா அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. எனக்கோ ஒரே கொண்டாட்டம். நாளைக்குச் சோதனை. ஒன்று கார் ஜெயிக்கும், இல்லை முனியாண்டி ஜெயிப்பார். எது நடந்தாலும் நான் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை மாமா ஓட்ட, அம்மா பட்டுச்சேலையோடு முன்னால் உட்கார்ந்தார். தாத்தாவும் நானும் பின்னால். அப்பா நம்பிக்கையில்லாமல் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தார். ரயில் நிலையம் தாண்டிச் சாலை நேரானதும் கார் நன்றாகவே போனது. தாத்தா இரண்டு கைகளையும் முட்டியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். “நல்லா சாஞ்சு உக்காருங்கப்பா!” என்று கண்ணாடியில் பார்த்து மாமா கத்தினார். தாத்தா சாயவில்லை.

முதல் தூண் தெரிந்தது.

“நிறுத்துடா.”

மாமா நிறுத்தவில்லை. மிதித்தார். தூண் எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. நான் சீட்டில் ஏறி நின்று முனியாண்டி மேடையைத் தேடினேன். அப்போது தாத்தா கதவைத் திறந்துவிட்டார். பின்பக்கமாகத் திறக்கும் கதவு. காற்று அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது. அம்மா கத்திய கத்தலில் மாமா பிரேக்கை மிதித்தார், கிளட்சை மறந்தார். கார் ஒரு குதி குதித்து எஞ்சின் அணைந்தது. பங்களாவுக்கு நேர் எதிரே.

தாத்தா இறங்கிவிட்டார். மாமா தலையை வெளியே நீட்டினார்.

“யாருக்குப்பா எறங்குறீங்க? அங்க பாருங்க, கூரையே இல்ல. மரம் மொளச்சுப் போச்சு!”

“சாமிக்கு.”

“சாமிய அங்க வெச்சதே நீங்கதானே! அந்தத் துரை வாசல்ல எவனும் சைக்கிள் மேல உக்காந்து போகக்கூடாது. எப்படியும் எறங்கித் தொலையணும், சாமிக்குன்னு எறங்கினா வெக்கமில்லன்னு நாலு பேரு சேந்து ஒரு கல்ல நட்டு வெச்சீங்க. தண்ணி போட்ட அன்னிக்கு நீங்களே சொல்லலியா?”

தாத்தா காரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா, வெச்சோம்,” என்றார். “இப்ப அவரு இருக்காருல்ல.”

அம்மா மெதுவாகத் தன் பக்கக் கதவைத் திறந்தார். “அக்கா, நீயுமா?” “எனக்குப் பயமா இருக்குடா,” என்று அம்மாவும் இறங்கிவிட்டார். பின்னால் அப்பா எப்போதோ இறங்கி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். “என்ன மச்சான், சங்கிலி போட்டுக் கட்டிட்டாரா முனியாண்டி?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஸ்டாண்டைப் போட்டார்.

மாமா சாவியைத் திருப்பினார். கார் இருமியது. முன்னால் போய் இரும்புக் கைப்பிடியை விட்டுச் சுற்றினார். மறுபடி இருமியது. தள்ளினால்தான் கிளம்பும் என்றார் அப்பா. மாமா உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, அப்பா ஒரு பக்கம், பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஒரு பக்கம், நடுவில் நான். கார் அசையவே இல்லை. இரும்பென்றால் அப்படி ஒரு இரும்பு. பிறகு திடீரென்று லேசாகி நகர்ந்தது. எப்படி என்று திரும்பிப் பார்த்தேன். தாத்தா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலையைக் குனிந்து, பின் மட்கார்டில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். பழக்கப்பட்ட தள்ளல். எங்கே கை வைத்தால் கார் நகரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாமா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

“அப்பா! கைய எடுங்க! நீங்க தொடாதீங்கப்பா!”

நகர்ந்துகொண்டிருந்த காரிலிருந்து அப்படியே குதித்து ஓடிவந்தார். தாத்தாவின் கைகளை மட்கார்டிலிருந்து பிடித்து எடுத்தார். மாமாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஆளில்லாத கார் தானாக உருண்டுபோய் முனியாண்டி மேடைக்கு முன்னால் ஓரத்துப் புல்லில் ஏறி நின்றது. நான் தாத்தாவின் உள்ளங்கைகளைப் பார்த்தேன். செம்மண்ணும் வியர்வையுமாக இருந்தன. புதுப் பெயிண்டில் கறை பட்டுவிடும் என்றுதான் மாமா இப்படிப் பதறுகிறார் என்று முடிவு செய்துகொண்டு, என் கைக்குட்டையால் மட்கார்டை நன்றாகத் துடைத்துவிட்டேன்.

இரண்டாவது தூணுக்கு அப்பால் சாலை சரிகிறது. அங்கே உருண்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஏறினோம். தாத்தா மறுபடி சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

கோயிலில் மாமா சாப்பிட வரவில்லை. திடலோரம் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அம்மா கொடுத்தனுப்பிய பொங்கலை எடுத்துக்கொண்டு போய் முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். சோதனையில் முனியாண்டி ஜெயித்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சோதனை சரியாக நடக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

“மாமா, தாத்தா பின்னால உக்காந்தா எறங்கத்தான் செய்வாரு. நீங்க அவர ஓட்டச் சொல்லுங்க.”

“தாத்தாவுக்குச் சைக்கிள்தான் தெரியும், பாப்பா.”

“கத்துக் குடுங்க. சைக்கிள்னா எறங்கி அவரே தள்ளிக்கலாம். காரு ஓட்டுறவரு எறங்கிட்டா யாரு தள்ளுறது? இன்னிக்கி அத்தனை பேரு தள்ளியும் பத்தல.”

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பொங்கலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி வழியாகக் கோயில் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. சாமியை ஏமாற்ற நானே வழி சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதுவும் எல்லாம் தெரிந்த பிறகு. தெரியாதவர்களைத்தான் சாமி விட்டுவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, வளர்ந்து வேலைக்குப் போனதும் ஒரு கட்டு சுருட்டு வாங்கி வைக்கிறேன், இந்த ஒரு தடவை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்று முனியாண்டியிடம் மன்றாடினேன். ஜெயிக்க வேண்டியது அவரைத்தான் என்று அன்றைக்கு முழு மனதோடு நம்பினேன். எதிர்ப்பக்கத்துக் கூரையில்லாத வீட்டை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. முனியாண்டி அந்தப் பக்கம் இல்லை, எங்கள் பக்கம் வந்து நின்றவர் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

பல்லைக் குத்திக்கொண்டு தாத்தா திடலுக்கு வந்தார். மாமா இறங்கி, ஓட்டுநர் பக்கத்துக் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். தூணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“சும்மா உக்காந்து பாருங்கப்பா. யாரும் பாக்கல.”

தாத்தா இடமும் வலமும் பார்த்தார். பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். ஸ்டீயரிங்கை முதலில் விரல் நுனியால் தொட்டார். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்தார். முதுகு மெல்லப் பின்னால் போய்ச் சீட்டில் சாய்ந்தது. கொஞ்ச நேரம் நேராக, திடலுக்கு அப்பால் சாலை தொடங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த திருவிழாவுக்குள்ள ஓட்ட வந்துருமாடா எனக்கு?”

“அதுக்கு முன்னாலயே வந்துரும்ப்பா.”

தாத்தா குனிந்து, இருட்டாகக் கிடந்த மிதிகட்டைகளை உற்றுப் பார்த்தார்.

“இதுல கிளட்ச் எந்தக் காலு?”