ஒன்பதாவது கம்பி

முதலாளி இன்னும் சாகவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவருக்குக் காது கேட்கும்போதே சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு எண்பத்தொன்று, அவருக்கு எண்பத்து நான்கு. அந்த மூன்று வருடம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மழை தொடங்கினால் போதும், கேகாலைப் பக்கம் போய் வருகிறவர்களிடமெல்லாம் அவருடைய இருமலைப் பற்றி விசாரிப்பேன். கேட்டவர்கள் அதை அன்பு என்று நினைத்தார்கள்.

கேகாலை பஜாரில் வாத்தியக் கடை வைத்திருப்பவர் அவர். இரத்தினபுரியிலிருந்து கலவான வரை எந்த இசைக்குழுவின் மேடையில் ஏறினாலும் அவர் கடைக் கிட்டார் ஒன்றாவது இருக்கும். அதை வாசிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த கம்பிகளில் ஒன்பதாவதில் விரல் நிற்காது. தொட்டுவிட்டு உடனே கீழே வழுக்கி இறங்கும். எங்கள் மாகாணத்தின் பெயரைச் சேர்த்து 'சபரகமுவ இழுப்பு' என்று அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். மண்ணின் சுவை என்கிறார்கள். அது மண்ணின் சுவை அல்ல. என்னவென்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் இறந்து எட்டு வருடமாகிறது.

இறந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையின் பிட்டர். இயந்திரம் எது நின்றாலும் அவர் கை வைத்தால் ஓடும். எல்லோரும் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். தெரணியகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். ஒரு பழைய சஞ்சிகைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாஸ் மின்சாரக் கிட்டார் செய்யத் தொடங்கினார். உடம்பு பலா மரம். கழுத்துப் பலகைக்கு முற்றிய கித்துல் பனை. தேயிலை அரைக்கும் ரோலர் மேசையிலிருந்து தேய்ந்து கழன்ற பித்தளைப் பட்டைகளை மெல்லிசாக அறுத்து, குறுக்கே பதிக்கும் இருபத்தொரு கம்பிகளையும் செய்தார். தேயிலைத் தூளில் கலந்த இரும்புத் துகளைப் பிடிக்கச் சல்லடையில் காந்தம் வைப்பார்கள். உடைந்து ஒதுக்கிய காந்தத் துண்டொன்று தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்தது. அதைச் சுற்றி எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பி. பாஸ் கைத்துளைக் கருவியால் சுற்றச் சுற்ற நான் எண்ணினேன். நூறு சுற்றுக்கு ஒரு தீக்குச்சி, தேங்காய்ச் சிரட்டையில். முடிவில் ஐம்பத்து நான்கு குச்சி. வயரைத் தொழிற்சாலை ரேடியோவில் செருகி அவர் ஒரு தந்தியைத் தட்டியபோது, இலை நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். பதினொரு பேர்.

குறுக்குக் கம்பிகளின் இடத்தைக் கணக்கிட்டது நான். மடக்கை அட்டவணையைப் புரட்டி, அப்பியாசக் கொப்பியில் இருபத்தொரு அளவுகளையும் எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கிருந்த பெருமை அவருக்குத் தன் கிட்டாரில்கூட இருந்திருக்காது.

அந்த வாரமே முதலாளி வந்தார். அப்போது சின்ன இசைக்குழு ஒன்று வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் வேண்டும் என்று கேட்டார். பாஸ் கொடுத்தார். நாற்பத்தொரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. உடம்பின் ஓரம் முழுவதும் பென்சில் கரி. கடதாசியில் வைத்து வரைந்திருக்கிறார்கள். பாஸ் துணியால் துடைத்துவிட்டு, "செய்யட்டுங்க சேர். நாமளும் படத்தப் பாத்துத்தானே செஞ்சோம்" என்றார்.

பிறகு வாசித்துப் பார்த்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஒன்பதாவதுல மட்டும் கொஞ்சம் ஏறிப் பேசுதுங்க சேர். கணக்க ஒரு தரம் பாத்துருவோமா?"

"என் கணக்குல தப்பு வராது. உங்க ரம்பம் சாஞ்சிருக்கும்."

"இருக்கலாங்க."

அன்றிரவே கொப்பியைப் பார்த்தேன். மழை ஈரத்தில் அட்டவணையின் தாள் ஒட்டிக்கொண்டிருந்ததால், ஒரு வரி தள்ளி இலக்கத்தை எடுத்திருக்கிறேன். பத்தங்குலமும் அரைக்காலும் என்று எழுத வேண்டிய இடத்தில் பத்தேகால்; அரைக்கால், அதாவது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு, கூட. பெருக்கலைச் சரிபார்க்காத பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிறவன் நான். கொப்பியைப் பெட்டிக்குள் அடியில் வைத்தேன். பாஸ் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

இரண்டு வருடம் கழித்து முதலாளியின் கடையில் தந்தி வாங்க பாஸ் போயிருந்தார். வேறு வேலையாகப் போன நானும் அங்கே நின்றேன். சுவரில் பதினான்கு கிட்டார்கள் தொங்கின, எல்லாம் அதே வடிவம். முதலாளி வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தார்: "இவரு தேயிலை ஸ்டோர்ல மெஷினுக்கு பெல்ட் மாத்துற ஆளு. நம்ம கிட்டாரப் பாத்து ஆசப்பட்டு வந்திருக்காரு." எட்டுப் பேர் சிரித்தார்கள். பாஸ் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் மௌனத்தையும் அவர் கணக்கிலேயே எழுதினேன்.

போன மாதம் பாஸின் மகள் ஓர் அழைப்பிதழுடன் வந்தாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. கேகாலையில் ஒரு கலைச் சங்கம் மண்டபம் கட்டி, அதில் ஒரு கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறது. 'சபரகமுவவின் முதல் மின்சாரக் கிட்டார். செய்தவர்' என்று போட்டு, கீழே முதலாளியின் பெயர்.

"பாத்தீங்களா சேர்? அப்பா பேரு ஒரு மூலையிலயாவது வரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"மூலையில எதுக்கு? அந்தப் பேரக் கழட்டிட்டு வைக்கணும்."

"சண்ட வேணாங்க சேர்."

"சண்ட இல்லம்மா. அளக்கப் போறோம்."

என் திட்டம் சுலபமானது. பாஸின் கிட்டார் அவள் வீட்டில் இருக்கிறது. முதலாளியின் கிட்டார் பெட்டியில் இருக்கும். இரண்டிலும் ஒன்பதாவது கம்பி ஒரே இடத்தில் தப்பாக நிற்கும். பார்த்துச் செய்தது என்பதற்கு அது போதும். தப்பு யாருடையது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இரும்பு அடிமட்டத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். அளந்தேன். பத்தங்குலமும் அரைக்காலும். திரும்ப அளந்தேன். ஐந்து தரம் அளந்தேன். கம்பி சரியான இடத்தில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்பிக்குப் பக்கத்தில் பழைய வெட்டு ஒன்று, கித்துல் தூளும் அரக்கும் வைத்து நிரப்பி, மயிரிழை போல.

"அப்பா எப்ப இதத் திருத்தினாரு?"

"நான் சின்னப் புள்ளயா இருக்கும்போதுங்க. மரம் ஊறிப் போச்சுன்னு சொன்னாரு."

மரம் ஊறவில்லை. ஊறியது என் அட்டவணை. அவர் கண்டுபிடித்து, திருத்தி, பெற்ற மகளிடம்கூட என் பெயரைச் சொல்லாமல் போயிருக்கிறார். இப்போது அந்தப் பழைய வெட்டு பத்தேகாலில் வந்தது எப்படி என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி, அந்தக் கொப்பி, என் பெட்டிக்குள் அடியில் இருந்தது. மூன்று நாள் யோசித்தேன். முதலாளியை விடுவதா, என்னைக் காட்டிக்கொடுப்பதா? மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன்.

விழா காலை பத்து மணிக்கு. நூற்றறுபது நாற்காலி, இருபத்து மூன்று காலி. பாஸின் கிட்டாரோடு மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பாளர் இழுப்பைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலையோடு முதலாளி இருமினார். நான் எழுந்து மேடைக்கு முன்னால் போனேன்.

"முதலாளி, ஒரு கேள்வி. இந்தக் கம்பிகள எங்கெங்க வைக்கிறதுன்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"அனே சேர், நமக்கு எங்க கணக்கு! எல்லாம் காதுதான்." சபை சிரித்தது.

"அப்ப உங்க காது அரைக்கால் அங்குலம் செவிடு."

சபை இன்னும் பலமாகச் சிரித்தது. சங்கத் தலைவர் என் கிழத்தனத்துக்கு இரங்கி, "ஹரி ஹரி, சரிதான், சேர் பாக்கட்டும்" என்று பெட்டியைத் திறந்தார். அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு கம்பியின் அளவையும் கூட்டத்துக்குக் கேட்க வாசித்தேன். ஒன்பதாவது, பத்தேகால்.

"கையால செஞ்சதுங்க. முன்னப்பின்ன இருக்கும்தானே" என்றார் முதலாளி.

"மத்த இருபதும் அச்சா இருக்கே. இது ஒன்னு மட்டும் ஏன்?"

நான் கொப்பியைத் திறந்தேன். "ஏன்னு நான் சொல்றேன். இது என் கையெழுத்து. ஒன்பதாவது வரி, பத்தேகால். தப்பு என்னுது. பாஸ்கிட்டயே நான் ஒத்துக்கல. அவரு அப்புறமா திருத்திட்டாரு. இந்தா, பழைய வெட்டு." மகள் கிட்டாரைத் தலைவரிடம் நீட்டினாள். "என் தப்பு உங்க கிட்டாருக்குள்ள எப்படி வந்துச்சு முதலாளி? பாஸ்கிட்ட வாங்கிட்டுப் போய் வச்சிருந்த நாற்பத்தொரு நாள்ல வந்துச்சா?"

தலைவர் பழைய வெட்டின் மேல் அடிமட்டத்தை வைத்தார். கொப்பியைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு அரைக்கால் அங்குலத்துக்கு அம்பது வருஷமா காத்திருந்தீங்களா சேர்?"

"அம்பத்திரண்டு."

பெயர்ப்பலகையின் மேல் ஒரு துணியைப் போட்டார்கள். புதுப் பலகையில் பாஸின் பெயர் வரும் என்று தலைவர் மகளிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவள் கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அளவில் நேர்ந்த பிழை என்னுடையது என்று பலகையில் ஒரு வரி போடச் சொல்வோமா என்று கேட்டேன்.

"வேணாங்க சேர். அப்பாவே சொல்லல."

முதலாளியிடமிருந்து வாங்க வேண்டியதை வாங்கிவிட்டேன். பாஸுக்கு நான் கொடுக்க வேண்டியதை இவள் வாங்க மறுக்கிறாள். அதை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடையில் இன்னும் பத்தேகாலில்தான் செய்கிறார்கள். திருத்தினால் இழுப்பு போய்விடும், வாங்க ஆள் வராதாம். நான் விசாரிப்பதையும் நிறுத்தவில்லை. நேற்று கேகாலையிலிருந்து வந்தவர் முதலாளிக்கு இருமல் கூடியிருக்கிறது என்றார். கொத்தமல்லியும் சுக்கும் பொட்டலம் கட்டி, போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். பலகை எழுதி முடிய இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அதை அவர் நின்று வாசிக்க வேண்டும்.