மாறிலி அளக்கிறவர் பெண் பார்க்க வந்தார்

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர் என்று மட்டும்தான் தரகர் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அம்மாதான் விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி என்னத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறியள்?"

"பௌதிகத்திலை வாற மாறிலிகள் காலம் போகப் போக மாறுதோ எண்டு பாக்கிறம், அன்ரி."

"மாறுதோ?"

"இதுவரைக்கும் இல்லை."

"அப்ப வேலை முடிஞ்சுதெல்லோ?"

அவர் கையிலிருந்த பயத்தம் பணியாரம் வாய்க்குப் போகாமல் பாதிவழியில் நின்றது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீர்க் கோப்பைகளை அடுக்கினேன்.

எங்களைத் தனியாகக் கதைக்கச் சொல்லிக் கிணற்றடிப் பக்கம் அனுப்பினார்கள். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள். சும்மா விடுவேனா?

"மாறிலி எண்டா மாறாதது எண்டு நான் படிப்பிக்கிறன். நீங்கள் அதைக் குழப்ப வந்திருக்கிறியள்."

அவர் சிரிக்கவில்லை. உற்சாகமாக விளக்கத் தொடங்கிவிட்டார். பூமி பிறப்பதற்கு முன்பே வெகுதொலைவு விண்வெளியிலிருந்து புறப்பட்ட ஒளி இப்போதுதான் எங்களிடம் வந்து சேர்கிறதாம். வழியிலுள்ள வாயு முகில்கள் அதில் சில நிறங்களை உறிஞ்சிவிட, ஒளியை நிறநிறமாகப் பிரித்துப் பார்க்கும்போது அந்த இடங்களில் கறுப்புக் கோடுகள் விழும். மின்விசையின் வலிமையைச் சொல்லும் மாறிலி அந்தக் காலத்தில் கொஞ்சம் வேறாக இருந்திருந்தால், கோடுகளும் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

"தள்ளி நிண்டுதோ?"

"முதல் அப்பிடித்தான் தெரிஞ்சுது. ஒருத்தருக்கும் சொல்லாமல் சந்தோசப்பட்டன். பிறகு பாத்தா, எங்கடை கருவியின்ரை பிழை."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"அழுதனான்," என்றார், கிணற்றுக் கயிற்றைப் பார்த்தபடி. "பிறகு கருவியைத் திருத்திப்போட்டுத் திரும்ப அளந்தன்."

பெண் பார்க்க வந்த இடத்தில் அழுததைச் சொல்லும் ஆளை நான் அதுவரை கண்டதில்லை. கேலி செய்ய வைத்திருந்த அடுத்த கேள்வி எனக்கு மறந்தே போனது. உள்ளே போய் அம்மாவின் காதில் "ஓம்" என்றேன்.

"எதுக்கு ஓம்?"

"எல்லாத்துக்கும்."

கல்யாணத்துக்குப் பிறகு, அவர் அளக்கும் தொலைநோக்கியைப் பார்க்க நானும் ஒருமுறை போனேன். போன நாள் முழுக்க மழை. பிரபஞ்சம் ஒரு துளியும் தெரியவில்லை. என்னைச் சமாதானப்படுத்த அவரே பருப்புக்கறி வைத்துத் தந்தார். உப்புப் போட மறந்திருந்தார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.