மூன்று முறை ஊதியவர்

எங்கள் தொழிற்சாலை வாசலில் குடித்திருக்கிறோமா என்று பார்க்கக் காவலாளி நீட்டும் ஊதுகருவியில் எண் எதுவும் தெரியாது. பச்சை எரிந்தால் உள்ளே, சிவப்பு எரிந்தால் வீட்டுக்கு, அவ்வளவுதான். ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் அந்த இடத்தில் நான் முதலுதவி அறைச் செவிலி. எண் காட்டும் கருவி என் மேசையில்தான் இருந்தது. ஒரு மத்தியானம் கிரேன் அண்ணன் அதைத் தேடிக்கொண்டு வந்தார்.

டன் கணக்கில் எடையுள்ள இரும்பு அச்சுகளைத் தூக்கி, மெஷினில் சத்தமில்லாமல் உட்கார வைப்பவர் அவர். பிள்ளைப்பாக்கத்துக்காரர். சங்கிலி தொங்கும்போது பக்கத்தில் யாராவது போனைப் பார்த்துக்கொண்டு நின்றால், "இன்னாடா, ஊருக்குப் பொட்டலமா போகணுமா?" என்று கத்துவார். வேலை நாளில் குடிக்கவே மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று அவருடைய தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் என்பதால் சீர் வைத்துவிட்டு இரண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்பியவரை மச்சான் மறித்திருக்கிறார். வயிறு முட்டப் பிரியாணி தின்றுவிட்டு அதன்மேல் குடித்தால் எந்த மெஷினும் காட்டாது என்பது மச்சான் கண்டுபிடித்த விஞ்ஞானம். அதை நம்பி இவரும் குடித்துவிட்டு வந்தார். வாசலில் பச்சைதான் எரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, தூக்கிய அச்சைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், இப்போ ஒரு வாட்டி ஊதட்டா?"

"கேட்ல பச்சைதானேண்ணே வந்துச்சு?"

"அப்போ பச்சதான். இப்போ தல கிர்ர்னு கீது."

ஊதினார். வரம்புக்கு மேலே காட்டியது.

மச்சான் சொன்னதில் பாதிதான் உண்மை. சாராயத்துக்குச் செரிமானம் தேவையில்லை. இரைப்பையில் கொஞ்சம், சிறுகுடலில் மீதி என்று அப்படியே ரத்தத்துக்குள் இறங்கிவிடும். வயிற்றில் எண்ணெயும் கறியும் நிறைந்திருந்தால் இரைப்பை அதைச் சிறுகுடலுக்கு மெதுவாகத்தான் விடும். தாமதமாகுமே தவிர, வராமல் இருக்காது. ரத்தத்தில் ஏறிய பிறகுதான் நுரையீரல் வழியாக மூச்சில் தெரியும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

பேனாவை எடுத்தேன், எழுத மனம் வரவில்லை. 'தலைசுற்றல், ஓய்வு' என்று போட்டால் முடிந்தது. அவர் கவனித்துவிட்டார். "உள்ளத எழுதிடு சிஸ்டர். இல்லாங்காட்டி அந்தப் பச்சைய நம்பி நானே இன்னொரு நாள் இப்டி வருவேன்" என்றார். எழுதினேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரை அரை மணி கழித்து எழுப்பி இன்னொரு முறை ஊதச் சொன்னேன். அந்த எண்ணையும் குறித்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, நொந்திருக்கும் மனிதரிடம் சொல்வானேன் என்று நானும் விட்டுவிட்டேன். விசாரணை முடிந்து கிரேன் அனுமதியைப் பறித்து, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. யாருமே கேட்காதபோது இந்த மனிதர் ஏன் வந்து ஊதினார்?

ஒரு மாதம் கழித்துப் பெட்டிக்குப் போடும் பட்டை கிழித்து, ரத்தம் ஒழுகும் விரலோடு வந்தார். பழக்கமில்லாத வேலை. கட்டுப் போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பசங்கல்லாம் சொல்றானுங்க. சும்மா குந்திகினு இருந்தா கொஞ்ச நேரத்துல தானா எறங்கியிருக்குமாம். நானே போய் மாட்டிக்கினேனாம். நெசமா சிஸ்டர்?"

பதிவேட்டைத் திருப்பி இரண்டாவது எண்ணைக் காட்டினேன். முதல் எண்ணைவிட அது நன்றாகவே கூடியிருந்தது.

"இறங்கலண்ணே. அரை மணி கழிச்சும் ஏறிட்டுதான் இருந்துச்சு."

இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்நேரம் மேல் அச்சத் திருப்பிப் போட்டுகினு இருந்திருப்பேன். கைகொடுக்க மூணு பேர் பக்கத்துல நிப்பானுங்க" என்றார். கட்டுப் போட்ட விரலை மடக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல சிஸ்டர்? ஒரு மாசமா தூங்கல நானு."