ரொசாலியா பிசைந்து வைத்த மாவு

போலந்தின் தோருன் நகரில் முப்பது வருஷமாக டிராம் ஓட்டுகிற லுட்விக்குக்கு வீட்டில் வண்டி போனதெல்லாம் மனைவி ரொசாலியா சொன்ன தடத்தில்தான். நவம்பர் பிறந்தால் அவள் பியெர்னிக் என்னும் தேன் கேக்குக்கு மாவு பிசைவாள். தேனைச் சூடு பண்ணுவது அவன் வேலை. விரலை விட்டு நக்கினால் கரண்டியால் ஒரு போடு விழும்.

"உன் டிராம்ல எவனாவது டிக்கெட் இல்லாம ஏறினா விடுவியாய்யா? கையை எடு!"

கிராம்பும் பட்டையும் சேர்த்துப் பிசைந்த மாவை மண்சட்டியில் அழுத்தி, துணி கட்டி, நிலவறைக் குளிரில் வைத்துவிடுவாள். ஏழு வாரம் ஊறி, கிறிஸ்துமசுக்கு நாலு நாள் இருக்கும்போது அடுப்பேறும்.

இந்த வருஷம் மாவு ஊறிக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள். ரொட்டி வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. சே, என்ன வாழ்க்கை இது!

அடக்கம் முடிந்த மறுநாள் லுட்விக் நிலவறைக்குப் போய்த் துணியை அவிழ்த்தான். மாவின் மேல் அவள் முஷ்டி பதிந்த நாலு குழிகள். தன் முஷ்டியை வைத்துப் பார்த்தான். பெரிய கை, பொருந்தவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால் வராத அழுகை அங்கே வந்தது. சுவரில் சாய்ந்து கேவிக் கேவி அழுதான். அன்றிலிருந்து வேலை முடிந்தால் நேராக நிலவறைதான்.

மனைவியின் தங்கை தெக்லா ஞாயிற்றுக்கிழமை சூப்போடு வந்தாள்.

"அத்தான், மாவை எப்போ சுடலாம்?"

"சுட வேண்டாம்."

"என்ன விளையாடுறீங்களா? கெட்டுப்போயிடும். அக்கா இருந்தா சும்மா விடுவாளா?"

"அக்கா இருந்தா அவளே சுட்டிருப்பா. நீ அதைத் தொடாத."

ஏன் தொடக்கூடாது என்று அந்த மனுஷன் சொல்லித் தொலைத்திருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் சிரிப்பாளோ என்று கூச்சம்.

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி தெக்லாவுக்கு மனசு கேட்கவில்லை. அக்கா வீட்டில் பியெர்னிக் இல்லாமல் ஒரு கிறிஸ்துமசா? அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தன்னிடம் இருந்த சாவியால் வீட்டைத் திறந்தாள்.

சாயங்காலம் மாடிப்படியில் கால் வைத்ததுமே லுட்விக்குக்குக் கிராம்பு மணம் அடித்தது. வருஷா வருஷம் இதே நாளில், இதே படியில் அடிக்கிற மணம். ஒரு நொடி அவனுக்கு எல்லாமே மறந்துபோயிற்று. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

"ரொசா! சுட்டுட்டியா? ஓரத்துண்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்டி!"

அடுப்படியிலிருந்து தெக்லா திரும்பினாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அத்தான்... உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னுதான்..."

லுட்விக் தொப்பியைக் கழற்றவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான்.

"மாவு மேல எதையாவது பார்த்தியாம்மா?"

"இல்லையே அத்தான். கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. நல்லா குத்திக் குத்திப் பிசைஞ்சுதான் உருட்டினேன். ஏன், என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றான்.