சீக்கிரம் முடிந்த வேலை

ஜாதவ்பூரில் அண்ணனும் நானும் நடத்தும் முறுக்குப் பட்டறையில் வங்காளிப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். "சொன்னா ஆளைக் குறைப்பீங்க, தீதி" என்றாள் ஒருத்தி. அண்ணனை அவர்கள் முன்னால் நிறுத்தி, யாரையும் அனுப்ப மாட்டோம் என்று சொல்லவைத்தேன். அவன் என் தலையில் கைவைத்துச் சத்தியமே செய்தான்.

பிறகு பேச்சு அடைமழையாகக் கொட்டியது. காலையிலேயே மொத்த மாவையும் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்து எண்ணெய் குடிக்கிறது, வேகவும் நேரமாகிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையலாம் என்றார்கள். பாக்கெட் போடும் மேசையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார்கள். பொழுது சாய்ந்து முடிகிற வேலை மதியமே முடிந்தது. அந்த மதியங்களில் பட்டறைக்குச் சிறகு முளைத்திருந்தது.

எண்ணெய் வாங்க நான் கிடர்பூர் போய் வருவதற்குள் அண்ணன் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான்.

"சத்தியம் பண்ணினியே அண்ணா!"

"மத்தியானமே முடியற வேலைக்கு எதுக்கு நாலு பேரு? வழி காட்டினதே நீதானே!"

என்னை நம்பி அவர்கள் சொன்னதையெல்லாம் கூடப் பிறந்தவன் கத்தியாக்கிக்கொண்டான்.

மறுநாள் மிச்சமிருந்த இருவரும் காலையிலேயே மொத்த மாவையும் பிசைந்து வைத்திருந்தார்கள்.

"புளிச்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

என் முகத்தைப் பார்க்காமலே ஒருத்தி சொன்னாள்: "எங்களுக்கு என்ன தெரியும், தீதி?"