பேசாத மூன்று கட்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் சபையில் நான்தான் கீபோர்டு வாசிப்பேன். பழையதுதான், ஆனால் ஒரு குறையும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் புது மாடல் ஒன்றைப் பார்த்தேன். இடது கையை வைத்தாலே டிரம், பேஸ் கிட்டார் எல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டன. வீடு வரும்வரை அதே நினைப்பு.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளரிடம் போய், "அண்ணாச்சி, நம்ம கீபோர்டுல மூணு கட்டை சரியாப் பேச மாட்டேங்குது" என்றேன். பொய். புதுசு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது.

அவர் நூற்பாலையில் ஃபிட்டர். எதையும் பழுது பார்த்துத்தான் பழக்கம். "அப்பிடியா தாயி? புதன்கிழம அரை நாள் லீவு போடுதேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல காட்டிட்டு வந்துருவோம்" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. புதன்கிழமை கீபோர்டைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார்.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "எந்தக் கட்டைம்மா?" என்றார். மூன்றைத் தொட்டுக் காட்டினேன். மூன்றும் கணீரென்று பேசின.

"சில நேரந்தான் பேசாது" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி மூடினார். "இதுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்னும் பல வருசம் ஓடும்."

செயலாளருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நல்லவேளை தாயி, நான் பயந்தே போனேன்."

அந்தச் சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் சொல்லிவிட்டேன். "கட்டையில ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. புதுசுக்கு ஆசப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

மடியில் இருந்த கீபோர்டின் மேல் விலகிய பெட்ஷீட்டை இழுத்து மூடினார். பிறகு, "கேட்டிருக்கலாம்லா. நல்லா இருக்கறத ஏன் தாயி குறை சொல்லுத?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுமாதக் கமிட்டியில் புதுசு வேண்டும் என்று பேசியது அவர்தான். என் பொய்யைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழையது, கீபோர்டே இல்லாத பக்கத்து ஊர் தேவதானம் சபைக்குப் போனது.

புதுசு வந்தும் மூன்று வாரம், டிரம்மைத் தானாகச் சேர்க்கும் அந்த ரிதம் பட்டனைத் தொட எனக்குக் கை வரவில்லை. பழையதை வாசித்த மாதிரியே வாசித்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஞாயிறு அவரே பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தாயி, மேளத்தப் போட மாட்டியா? எல்லாரும் ஆசையா இருக்காக."

போட்டேன். சபையே கைதட்டிப் பாடியது. அவரும் பாடினார். நான் கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.